கோங் ரிதாலினின் அண்டா

ஷில்லாங்கில் எங்கள் மேட்டுத் தெருவில் சோற்றுக்கடை வைத்திருக்கும் கோங் ரிதாலினிடம் ஒரு பெரிய அண்டா உண்டு. எங்கள் ஊரில் அக்காவைக் கோங் என்போம், அண்ணனைப் பாஹ் என்போம். பன்றிக்கறியும் அரிசியும் சேர்த்து எண்பது பேருக்கு ஜாதோ சமைக்கலாம். சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு அவர் சமைத்துத் தர வேண்டும். வியாழக்கிழமை, மேலே கடை வைத்திருக்கும் பாஹ் ஷான்லாங் அண்டாவைக் கொண்டுபோய்விட்டார். அவருடையது ஓட்டையாம்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், அதுவும் ஆங்கிலத்தில். கோங்குக்காகப் போலீஸ் புகாரை நான்தான் எழுத வேண்டும். 'ஸ்டோல்' என்று எழுதி, திருடினார் என்று பொருள் சொன்னேன்.

"திருடுனானா? ஏ பி.ஏ., நான் எதுக்கவே நிக்கிறேன், திருடுறதாவது! பிடுங்குனான்!" என்றார் கோங்.

'ராப்டு மை பாட்' என்று மாற்றினேன். மூன்று வருடம் படித்தவனுக்கு அதை எழுதும்போது கை ஏன் தயங்கியது என்று எனக்கே தெரியவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டு பாஹ் கிட்போக் படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இந்த வார்த்தையில பறிகொடுக்கிறது ஆளு. அண்டாகிட்ட யாரு என்னத்தப் பறிச்சா?"

"உள்ள இருந்த ஜாதோவை!" என்றார் கோங்.

'ராப்டு மீ ஆஃப் மை பாட்' என்று திருத்தினேன்.

"மிரட்டினானா, கோங்?"

"வந்தவனை உக்காரவெச்சு வெத்திலை பாக்கு குடுத்தேன். அதை மென்னுக்கிட்டே, 'விடலேன்னா தள்ளிவிட்டுருவேன்'னான்."

"அவனுக்கு வெத்திலை பாக்கா?"

"வீட்டுக்கு வந்தவனுக்குக் குடுக்காம? நான் என்ன மனுசியில்லையா? அண்டாவோட ஒரு காது அவன் கையில, ஒண்ணு என் கையில. மேடு பூரா இழுத்துக்கிட்டே போனோம். படிக்கட்டுல மட்டும் நல்லா தூக்கிப் புடிச்சேன். ஜாதோ கொட்டிருமில்ல!"

பாஹ் கிட்போக் தாளை மறுபடி படித்தார். "மிரட்டல் இருக்கு. ராபரிதான். தம்பி, வார்த்தை சரி."

நான் உண்மையில் தேர்ச்சி பெற்றது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

"இப்பவே அண்டாவைக் கொண்டாந்து இங்க வெச்சிருவோம். சாட்சிப் பொருள். கேஸ் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்" என்றார் பாஹ் கிட்போக்.

"எப்ப முடியும்?"

"மூணு வருசம். நாலும் ஆகலாம்."

கோங் என்னைப் பார்த்தார். "ஏ பி.ஏ., வேற வார்த்தை இல்லையா? கொஞ்சம் நோஞ்சானா?"

சரியான ஒரே வார்த்தையை அடித்துவிட்டு, இரவல் வாங்கினார் என்று எழுதினேன்.

"இரவலுக்கு எதுக்குப் போலீஸு? நீங்களே போய்க் கேளுங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார் பாஹ் கிட்போக்.

போனோம். பாஹ் ஷான்லாங் எங்களை உட்காரவைத்து வெற்றிலை பாக்கு கொடுத்தார். கோங் மென்றுகொண்டே எழுந்து அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். "விடலேன்னா உருட்டிவிட்டுருவேன்" என்றார். மறு காதை பாஹ் ஷான்லாங் விடவில்லை. இழுத்துக்கொண்டே மேடு இறங்கினார்கள். படிக்கட்டில் மட்டும் பாஹ் ஷான்லாங் நன்றாகத் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருந்தது அவருடைய ஜாதோ.

பின்னால் நடந்த எனக்கு இதற்கு என்ன வார்த்தை என்று தெரியவில்லை. நல்லவேளை, யாரும் எழுதச் சொல்லவில்லை.