ரோசாப்பூ கேட்ட விலை

எனக்கு எழுபத்துநான்கு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் மவுத்தாகிப் போன என் தங்கையின் பிள்ளைகள். அந்த ஏழு பேரில் ஒருவரையும் கல்முனையில் யாரும் கள்ளன் என்று சொன்னதில்லை. அந்தச் சொல் போன வருடம் என் கடைசி மகனின் போனுக்குள் வந்தது. வரவைத்தவள் நான்தான்.

கடைசி மகன் கட்டாரில் கட்டட வேலை செய்தவன். சாரத்திலிருந்து விழுந்து முதுகு கெட்டு வந்தான். பாரம் தூக்க ஏலாது. அவனிடம் இருந்ததெல்லாம் ஒரு பெட்டி கிரிக்கெட் அட்டைகள். ஆட்டக்காரர்களின் படம் போட்டவை. பாதி, பள்ளிக்கூடக் காலத்தில் பபிள்கம் பக்கெட்டுக்குள் கிடைத்தவை, மீதி கட்டாரில் சம்பளத்தில் வாங்கியவை. குப்பை என்று இரண்டு தரம் அடுப்படிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். எரிக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த அட்டைகளைச் சேர்க்கிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள் என்றும், போனில் ஒரு குழு வைத்து ஏலம் போடுகிறார்கள் என்றும் பிறகுதான் தெரிந்தது. திங்கட்கிழமை படம் போடுவான். ஆட்கள் விலை எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகை நேரத்தில் யார் கூடுதலாகக் கேட்டிருக்கிறாரோ அவருக்கு அட்டை. நெத்தலியை முள் குத்தாமல் பிடிக்கிறதுபோல அட்டையின் ஓரத்தைப் பிடித்து உறையில் போடுவான். சாய்ந்து இருக்க நல்ல நாற்காலி ஒன்று வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை.

ஏலம் எனக்குப் புதிதல்ல. என் வாப்பா சாய்ந்தமருதுக் கரையில் மீன் ஏலம் கூறியவர். கல்யாணம் முடித்து வந்த இடத்தில் பள்ளிவாசல் ஏலம். தோட்டத்தில் முதலில் காய்த்த பூசணிக்காயை என் புருசன் பள்ளிக்குக் கொடுப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிய அதை ஏலம் கூறுவார்கள். அவருடைய தம்பி நின்று விலையை ஏற்றுவார். மச்சான் அதற்கு மேல் ஏற்றுவார். சந்தையில் நான்கு காய் வாங்கும் காசுக்கு ஒரு காய் போகும். எங்கள் வீட்டுக் காய் முதல் கேள்வியிலேயே, ஒருவர் கேட்ட விலையோடே, நின்றுபோனது என்று ஒரு வருடமும் இல்லை. சொந்தக்காரர் ஏற்றிவிடாவிட்டால் அதுதான் வெட்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை மகனின் அட்டை ஒன்று ஒரே கேள்வியில் நின்றுவிட்டது. "கேக்க ஆளில்ல உம்மா, அவ்வளவுதான்," என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஒழுங்கையில் இருக்கிற மூத்த மகளைக் கூப்பிட்டேன்.

"தம்பிட சாமான் கேக்க ஆளில்லாமக் கிடக்கு. நீ சும்மா பாத்துக்கிட்டு இரிக்காய்."

"எனக்கு என்னத்துக்கும்மா கிரிக்கட் அட்டை? மீன் சுத்தவா?"

"வாங்கச் சொல்லல்ல. ஒசத்தி உடு. வாப்பாட பூசணிக்காய ஒன்ட சாச்சா ஒசத்தினாரே, அதுபோல."

"நான் எண்டு தெரிஞ்சா கத்துவான்."

"தெரியாம ஒசத்து. வலக்கை குடுக்கிறது இடக்கைக்குத் தெரியப்படாது."

தருமத்துக்குச் சொன்ன சொல்லை நான் அதற்குப் பாவித்தேன். மகளின் மகள் வேறு பெயரில் ஒரு கணக்குத் திறந்து, முகத்துக்குப் பதிலாக ரோசாப்பூப் படம் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த கிழமையே மகன் சொன்னான்: "உம்மா, புதுசா ஒரு பொம்புள வந்திரிக்கா. ரோசாப்பூப் படம். நல்லாக் கேக்குறா." நான் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் பெருமைதான். மூன்று அட்டைகளுக்கு ரோசாப்பூ விலையை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. நான்காவது அட்டையில் மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். ரோசாப்பூவே வென்றுவிட்டது.

மகள் எங்கள் வீட்டில் வடை தின்றுகொண்டிருந்த நேரம் அவன் ஏசத் தொடங்கினான்.

"அந்த ரோசாப்பூ காசும் அனுப்பல்ல, பதிலும் இல்ல. வாங்க வக்கில்லாதவள் ஏன் கேக்கணும்?"

மகள் வாயிலிருந்த வடையை விழுங்காமல் என்னைப் பார்த்தாள். "என்ன கஷ்டமோ தம்பி, ஏசாத," என்றாள்.

"ஒனக்கு ஏன் ராத்தா சுடுது? ஒன்ட சொந்தக்காரியா?"

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு தன்னிடமிருந்த ஆகச் சிறந்த அட்டையைப் போட்டான். நம் நாட்டு வேகப்பந்துக்காரர் ஒருவர் தன் கையால் ஒப்பமிட்டது. பதுளைக்காரர் ஒருவர் கேட்டார், ரோசாப்பூ கேட்டது, அவர் கேட்டார், ரோசாப்பூ கேட்டது. கடைசியில் பதுளைக்காரர் பெரிய விலைக்கு எடுத்தார். நாற்காலி வந்துவிட்டது என்று மகன் சிரித்தான்.

விடிய, குழுவில் கதை மாறியிருந்தது. ரோசாப்பூ இவனுடைய அட்டைக்கு மட்டும்தான் வருகிறது. வென்றும் காசு கொடுக்கவில்லை. பிறகும் இவன் அதைக் கேட்க விட்டான். விலையை ஏற்ற இவனே வைத்த ஆள், கள்ளன் என்று எழுதியிருந்தார்கள். குழுவை நடத்துகிற மாத்தளை வாத்தியார் மட்டும் மரியாதையாக, உங்கள் வீட்டார் யாரும் இல்லை என்று சத்தியம் செய்து குரலில் பதிந்து போடுங்கள், நம்புகிறோம் என்றாராம்.

மகன் தொழப்போகிறவன்போல வுழூச் செய்து, கை முகம் கால் கழுவிவிட்டு வந்து, கட்டிலில் இருந்து போனை வாய்க்கு நேரே பிடித்தான். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன்.

"வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணப்போறன். நம்மட ஊட்டுல ஆரும் கேக்கல்ல எண்டு."

நான் போனைப் பிடுங்கினேன். எழுபது வயதுக்கு மேல் கை அப்படி வேகமாகப் போகும் என்று எனக்கே தெரியாது.

"சொல்லாத மகன். ரோசாப்பூ ஒன்ட ராத்தா. ஒசத்தச் சொன்னது நான்."

நான் பூசணிக்காய்க் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சின்னதாகப் போனது.

"உம்மா," என்றான், "பூசணிக்காய்ட காசு பள்ளிக்குப் போற. இந்தக் காசு என்ட கைக்கு வாற. படகுக்காரன்ட மச்சான் கூட்டத்துக்குள்ள நிண்டு மீன் வெலைய ஏத்தினா, உங்கட வாப்பா என்ன செய்வார்?"

எனக்குத் தெரியும். வாப்பா கூறுவதை நிறுத்திவிடுவார். கள்ளக் கேள்வி விழுந்துவிட்டது என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, அதற்கு முன் நின்ற விலையிலிருந்து மறுபடி தொடங்குவார். ஏலம் கூறியவரின் மகள் நான். எந்த ஏலத்தை எங்கே நினைக்க வேண்டும் என்று தெரியாமல் போனேன்.

"குரல் பதியிற அந்த இடத்த அமத்து," என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். மகன் அமத்திப் பிடித்தான். நான் கதைத்தேன்.

"நான் இவன்ட உம்மா. ரோசாப்பூ எங்கட ஊட்டு ஆள். மகனுக்குத் தெரியா. பள்ளி ஏலம்போல நெனச்சிட்டன், நெனச்சது பிழை. கள்ளக் கேள்வி விழுறத்துக்கு முன்னுக்கு நிண்ட வெலைக்குத்தான் அட்டை. முந்தி வாங்கின மூணு பேருக்கும் அதே கணக்குத்தான்."

ஒருவர், கிழவிக்குச் சம்பளம் எவ்வளவு என்று எழுதினாராம். மகன் மறைக்கப் பார்த்தான், வாசிக்கச் சொன்னேன். எனக்குத் தகும். பதுளைக்காரர் குரலிலேயே பதில் போட்டார்: "எங்கட பள்ளியில ஒரு முட்டைய நாலு தரம் ஏலம் கூறுவாங்க உம்மா. எனக்கு வெளங்குது. ஆனா வெலையக் கொறச்சிடுங்க." நானும் மகனும் சிரித்துவிட்டோம். அந்த நாளில் சிரித்தது அது ஒன்றுதான்.

வாத்தியார் மூன்று மாதம் மகனை விற்க விடவில்லை. நியாயம்தான். மூன்று பேருக்கும் மிச்சக் காசு திரும்பிப் போனது. நாற்காலி வரவில்லை. மகன் இன்னும் தலையணையை முதுகுக்கு வைத்துத்தான் அட்டைகளை உறையில் போடுகிறான். இப்போது மறுபடி விற்கிறான். கேட்பவர்கள் முந்தியதைவிடக் குறைவு. சில அட்டைகள் ஒரே கேள்வியில் நின்றுவிடுகின்றன. நான் வாயைத் திறப்பதில்லை.

புதிதாகச் சேருகிறவர்கள் தெரிந்துகொள்ள நடந்ததை எழுத்தில் தரமுடியுமா என்று வாத்தியார் கேட்டார். மகன் தான் எழுதுகிறேன் என்றான். பிழை என்னுடையது, எழுத்தும் என்னுடையதாக இருக்கட்டும் என்றேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இதை எழுத ஒரு கொப்பியும் பதினொரு நாளும் போயின. போனில் ஏற்றப்போகிறவள் மகளின் மகள். கொப்பியை அவளிடம் கொடுத்தபோது மெல்லக் கேட்டாள்: "உம்மம்மா, நான் படம் போட்டுக் குடுத்தத வெட்டிருவமா?"

"கிடக்கட்டும். முதல்ல இருந்து எனக்கு வாசிச்சுக் காட்டு, மகள். ஒன்ட ரோசாப்பூ வாற இடத்தையும் உடாம வாசி."