எழுதினவருக்கு என்ன வேணும்?

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறார் டீச்சர். பின்னால் நாலரை மணி பஸ் வந்து நிற்கிறது, இரண்டு தடவை ஹாரன் அடிக்கிறது, போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் திரும்பி, "போயிட்டானா?" என்று கேட்கிறார். யாரைக் கேட்கிறார் என்பது அந்தக் கம்பத்துக்கே வெளிச்சம். அடுத்த பஸ் ஐந்தேகாலுக்கு. வாரத்தில் மூன்று நாளாவது இந்தக் கூத்து நடக்கும்.

ஒட்டியிருக்கும் காகிதத்தை அவர் கிழிக்க மாட்டார். "எழுதினவர் இன்னும் பேசிட்டிருக்கார், நாம குறுக்க போகக் கூடாது" என்பார். பசை விட்டுக் கீழே விழுந்தால் மட்டும் எடுத்துக்கொள்வார். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்த சீட்டு, சோப்பு உறை, யாரோ தூக்கி எறிந்த 'நாய் இருக்கிறது' அட்டை, எல்லாம் அவர் கைப்பைக்குள் போகும். (அந்த வீட்டில் நாய் இருந்ததே இல்லை, தெருவுக்கே தெரியும்.) அந்தப் பையில் சீப்பு மட்டும் இருந்து யாரும் பார்த்ததில்லை. தலையைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும்.

வகுப்பில் அவர் மேசைமேல் மூன்று செருப்புப் பெட்டிகள் இருக்கின்றன. 'சொல்றாங்க' என்று ஒன்றில் எழுதியிருக்கும், 'சிரிக்க வைக்கிறாங்க' என்று இன்னொன்றில். மூன்றாவது, 'இழுக்கிறாங்க'. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் இதே சங்கதிக்கு 'ஆசிரியரின் நோக்கம்' என்று தலைப்புப் போட்டு, கட்டம் கட்டி, மூன்று வரி விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்த யாருக்கும் எந்த நோக்கமும் புரிந்ததில்லை. டீச்சர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு கசங்கிய காகிதத்தை எடுப்பார். ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதை எழுதினவருக்கு என்ன வேணும்?"

பெட்டி டீச்சர் என்ற பெயர் அப்படி வந்தது. அவருக்கும் தெரியும். "பொட்டி தட்டுற டீச்சர்னு வெக்காம விட்டீங்களே" என்று ஒருநாள் அவரே சொன்னார்.

கேள்வியைக் கற்றுக்கொடுத்தால் அது கற்றுக்கொடுத்தவரையும் கடிக்கும். ஒருவனுடைய மதிப்பெண் அட்டையில் 'கவனம் தேவை' என்று எழுதியிருந்தார். பயல் அட்டையை நீட்டி, "டீச்சர், இதை எழுதின உங்களுக்கு என்ன வேணும்? எங்கப்பாவுக்குத் தகவல் போகணுமா, எனக்கு அடி விழணுமா?" என்றான். டீச்சர் முப்பத்துநான்கு அட்டைகளையும் திரும்ப வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் அவன் அட்டையில், 'ஜன்னல் ஓரம் உட்காராத நாட்களில் கணக்கில் தப்பு குறைகிறது. இடம் மாற்றியிருக்கிறேன்' என்று இருந்தது. அப்பா அடிக்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

காலியான அந்த ஜன்னலோரத்துக்கு வந்து சேர்ந்தவள் வாலு. வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள். காலர் தைக்கும் வேலைக்காக அவள் அக்கா ஆலை ஆலையாக மாற, கூடவே மாறியதில் வாலுவுக்கு இரண்டு வருடப் படிப்பு நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது. வாயில் வரும் சொல்லை எழுத்து எழுத்தாக அச்சுப்போல எழுதிவிடுவாள். பிறர் எழுதியதைக் கோத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் மட்டும் வயிற்றுவலி வந்துவிடும். அதை மறைக்க அவள் கண்டுபிடித்த வழி குறும்பு. குறும்புக்காரியை வெளியே நிற்க வைப்பார்கள். படிக்கச் சொல்ல மாட்டார்கள்.

அவள் குறும்பெல்லாம் எழுத்தில்தான். ஒருநாள் காலையில் தலைமை ஆசிரியரின் நாற்காலியில் 'பெயின்ட் காயவில்லை' என்று ஒட்டிவிட்டாள். பெரிய சார் மத்தியானம் வரைக்கும் நின்றபடியே வேலை பார்த்தார். அது பிளாஸ்டிக் நாற்காலி என்பது யாருக்கும் தோன்றவில்லை. எழுத்து அவ்வளவு ஒழுங்கு. அடுத்தது ஆசிரியர்களின் கழிப்பறைக் கதவில், 'பழுது'. மூன்று நாள் தாங்கியது. இரண்டு தடவையும் ஸ்கெட்ச் பேனாவோடு பிடிபட்டாள். "மூணாவது ஒண்ணு நடந்துச்சு, சர்டிபிகேட்டைக் கையில கொடுத்து அனுப்பிடுவேன்" என்றார் பெரிய சார். அக்கா வீட்டில் வைத்து அதையே வேறு மாதிரி சொன்னாள்: "இன்னொரு ஸ்கூல் தேட எனக்குத் தெம்பில்லடி. வெளிய அனுப்பினாங்கன்னா பட்டன் தைச்சுட்டு வீட்ல கிட."

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் பூனை நோட்டீஸைக் கொண்டுவந்தார். 'வெள்ளைப் பூனை காணவில்லை. வால் நுனி கறுப்பு. கூப்பிட்டால் வராது.'

"சொல்றாங்க பெட்டி" என்றான் முதல் பெஞ்சு.

"இல்ல டீச்சர், நம்மளத் தேட வைக்கிறாங்க. இழுக்கிறாங்க பெட்டி."

"வராத பூனைக்கு நோட்டீஸ் வேறயா? சிரிக்க வைக்கிறாங்க."

டீச்சர் மூன்றுக்கும் தலையாட்டினார். "சரி, கூப்பிட்டா வராதுன்னு எதுக்கு எழுதணும்? அவங்க பூனையை அவங்களே விட்டுக்கொடுக்கிற மாதிரி இருக்கே."

ஜன்னலோரத்திலிருந்து, "தேடுறவங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு வீணா அலையக் கூடாதுன்னு" என்று ஒரு குரல் வந்தது. வகுப்பு திரும்பிப் பார்த்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று வாலு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"நோட்டீஸ் எழுதுறவங்க, படிக்கிறவங்க காலுக்கும் சேர்த்துக் கவலைப்படணும்" என்றார் டீச்சர். அவ்வளவுதான். பாராட்டாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சர் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் வாலு வீடு வரைக்கும் மென்றுகொண்டே போனாள்.

பத்து நாள் கழித்துப் புதன்கிழமை கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து ஒரு பத்தி படிக்க வேண்டும். செவ்வாய் மாலை பள்ளிக்கூட வாசலில் ஒரு நோட்டீஸ் முளைத்தது. 'தண்ணீர்க் குழாய் பழுது. நாளை பள்ளிக்கு விடுமுறை. தூரத்திலிருந்து வரும் பிள்ளைகள் வீணாக அலைய வேண்டாம்.' கீழே பெரிய சாரின் கையெழுத்து.

புதன்கிழமை அதிகாரி வந்து காலி பெஞ்சுகளைப் பார்வையிட்டுவிட்டுப் போனார்.

தண்ணீர் குடிக்கும் சாக்கில் வராண்டாவில் நின்ற வாலுவுக்கு மறுநாள் பெரிய சாரின் குரல் நன்றாகவே கேட்டது. "எனக்கு ஒரு ஆள் மேல சந்தேகம் இருக்கு டீச்சர். ஆனா கையெழுத்து என்னோடதாவே இருக்கு, வாயைத் திறக்க முடியலை. யார் எதுக்கு எழுதினாங்கன்னு நீங்கதானே பாடம் நடத்துறீங்க? நாளைக்குள்ள கண்டுபிடிச்சு எழுதிக் கொடுங்க."

வாலுவுக்கு மறுபடியும் வயிற்றுவலி வந்தது. இந்தத் தடவை நிஜ வலி.

டீச்சர் அந்த நோட்டீஸை வகுப்புக்குக் கொண்டுவந்தார். யார் என்று கேட்கவில்லை. வழக்கம்போல, "எழுதினவருக்கு என்ன வேணும்?" என்றார்.

"லீவு" என்றது வகுப்பு ஒரே குரலில்.

"லீவுதான் வேணும்னா வெள்ளிக்கிழமைக்குப் போட்டிருக்கலாமே. சேர்ந்தாப்ல மூணு நாள் கிடைச்சிருக்கும். எதுக்குப் புதன்?"

"அதிகாரி வர்ற நாள் டீச்சர்."

"வந்தா?"

"எல்லாரும் சத்தமா படிக்கணும்..."

அந்த இடத்தில் டீச்சர் சட்டென்று நிறுத்தினார். கடைசி வரியில், 'வீணாக அலைய வேண்டாம்' என்ற இடத்தில், அவர் கட்டைவிரல் இருந்தது. வாலு அதைப் பார்த்துவிட்டாள். "சரி, கணக்கு நோட்டை எடுங்க" என்றார். தமிழ் டீச்சர் எதற்குக் கணக்கு நோட்டைக் கேட்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் மணி அடித்ததும் வாலுவை மட்டும் இருக்கச் சொன்னார். ஒரு தாளை நீட்டினார். "பெரிய சாருக்கு எழுதியிருக்கேன். நான் எழுதினா எப்பவும் ஒரு தப்பு இருக்கும். சத்தமா படி, கேட்கிறேன்."

வாலு விரலை வைத்துப் படித்தாள். ஆறே ஆறு வரி. கால் மணி நேரம் ஆனது. டீச்சர் எடுத்துக்கொடுக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கத்தரிக்கோலில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

'இதை எழுதியவருக்கு வேண்டியது விடுமுறை அல்ல. உட்கார்ந்து படிக்கச் சொல்லித்தர ஓர் ஆள். அது என் வேலை. இத்தனை நாள் நான் அதைக் கவனிக்கவில்லை. ஆகவே இந்தத் தவறில் பாதி என்னுடையது. மீதிப் பாதியை எழுதியவரே நாளைக் காலை தங்களிடம் வந்து சொல்வார்.'

கடைசி வரியில் விரல் நின்றது.

"தப்பு இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"இது எந்தப் பெட்டி?"

வாலு யோசித்தாள். "இழுக்கிறாங்க."

"யாரை? பெரிய சாரையா?"

"...என்னை."

"அப்போ சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்று டீச்சர் தாளை மடித்தார்.

மறுநாள் வாலு போய்ச் சொன்னாள். பெரிய சார் விடுமுறை நோட்டீஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என் கையெழுத்து எனக்கே இவ்வளவு நல்லா வராது" என்றார். அதை யாரும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதுபோல உடனே குரலை உயர்த்தினார். "ஒரு மாசம். என் முன்னாடி உட்கார்ந்து ஒரு முழுப் பக்கம் படிக்கணும். படிச்சா இங்க இருப்பே. இல்லன்னா சர்டிபிகேட் ரெடி."

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடக்கிறார்கள். புத்தகம் கிடையாது. கடைப் பலகை, சுவரொட்டி, விளக்குக் கம்பம். வாலு படிப்பாள்; டீச்சர் குடையால் வரியைக் காட்டுவார். எப்படியும் நாலரை பஸ் போய்விடும். ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிப்பார். அதையும் விட்டால் ஆறேமுக்கால்தான். "டீச்சர் வீட்ல யாரும் தேட மாட்டாங்களா?" என்று வாலு ஒருநாள் கேட்டாள். "தேடுவாங்க. கூப்பிட்டா நான் வர மாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றார்.

மாதம் முடிகிறது. நாளை காலை பெரிய சார் முன்னால் படிக்க வேண்டும். கம்பத்தில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. வாலு குதிகாலை உயர்த்தி விரலை வைக்கிறாள்.

"வெள்ளைப்... பூனை... கிடைத்துவிட்டது." திரும்பிப் பார்க்கிறாள். "பூனைதான் கிடைச்சாச்சே டீச்சர். இனிமே இவங்களுக்கு என்ன வேணும்னு இதை எழுதி ஒட்டியிருக்காங்க?"

"கடைசி வரிக்குப் போயிட்டு வந்து கேளு."

"தேடி... அலை... அலைந்த..." அடுத்த வார்த்தை நீளம். விரல் அதன் முதல் எழுத்திலேயே நிற்கிறது. உதடு மட்டும் அசைகிறது. பின்னால் ஐந்தேகால் பஸ் வந்து நிற்கிறது. ஒரு தடவை ஹாரன் அடிக்கிறது, இன்னொரு தடவை அடிக்கிறது.

டீச்சர் அந்த விரலிலிருந்து கண்ணை எடுக்காமல், குடையை மட்டும் பின்னால் நீட்டி, போ என்று இரண்டு முறை ஆட்டுகிறார்.