வட்டத்துக்கு வெளியே நிறுத்தினேன்

அமெரிக்காவில், பே ஏரியாவில் ஒரு ஜப்பானியக் கோயிலின் நடனத் திருவிழாவுக்கு மகள் அழைத்துப் போனாள். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் விதிகளைக் காத்த எனக்கு, ஓய்வுபெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. கிமோனோ அணிந்தவர்கள் வட்டமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பேன்ட் சட்டையில் ஒரு மூதாட்டி உள்ளே நுழையப் போனார். "ஆடுபவர்கள் மட்டும்தான், மேடம்" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தடுத்தேன். ஒதுங்கி நின்றார். பாட்டு முடிந்தது, அதுதான் கடைசிப் பாட்டு.

அவரிடம் பேசிவிட்டு மகள் திரும்பினாள். "என்னப்பா பண்ணிட்டீங்க? செத்துப்போனவங்களுக்காக ஆடுறது இது. யார் வேணா ஆடலாம். அவங்க ஹஸ்பண்ட் தவறி இதுதான் முதல் வருஷம்."

மன்னிப்புக் கேட்கப் போனேன். என்னைக் கோயில் ஊழியர் என்று நினைத்த அவர், "தப்பு என்னுடையது, உங்கள் வேலையைத்தானே செய்தீர்கள்" என்று குனிந்து வணங்கினார். ஊழியரைப் போலவே பதிலுக்கு வணங்கிவிட்டு வந்தேன்.