கொள்ளிட மணலில் ஒரு வேட்டை

ஆனி மாத வெயிலில் அரை நாள் பைக்குள் கிடந்த ஆட்டுக்குடல் வெதுவெதுவென்று இருக்கும். தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டும். அதை ஒரு பையனின் முகத்தில் கவிழ்த்தவன் நான். அதைவிடக் கேவலமான ஒன்றையும் அன்று சாயங்காலமே செய்தேன். இரண்டையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி, எனக்குப் பன்னிரண்டு வயது. பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பத் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவான். பெருமாள் வீதியில் எழுந்தருளும்போது முன்னால் பாசுரம் சொல்லிக்கொண்டு போகும் 'கோஷ்டி'யில் அவன் அப்பாவும் ஒருவர். சம்பத்தும் தினமும் விடியற்காலையில் 'சந்தை' சொல்வான். அதாவது பெரியவர்கள் ஒரு முறை சொல்வதை இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பாசுரங்களை மனப்பாடம் செய்வான். வரப்போகும் தை உற்சவத்தில் அவனையும் கோஷ்டியில் நிறுத்துவதாகப் பேச்சு. அதைவிடப் பெரிய ஆசை அவனுக்குக் கிடையாது. சினிமாவுக்கு வீட்டில் விடமாட்டார்கள். நான் 'தரை டிக்கெட்'டில் பார்த்துவிட்டு வந்து சொல்லும் கதைதான் அவனுக்குச் சினிமா.

அப்படித்தான் அந்த இங்கிலீஷ் படத்தையும் சொன்னேன். விமானம் விழுந்து காட்டில் பிழைத்துக் கிடக்கும் ஐந்து பேரை ஒரு கருஞ்சிறுத்தை மோப்பம் பிடித்து ஒவ்வொருவராகக் கொன்று தின்கிறது. கடைசியில் மிஞ்சிய பெண், செத்த மான் ஒன்றின் குடலை உருவி உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, மனித வாடையை மறைத்துக் குழிக்குள் படுத்துத் தப்புகிறாள். பார்த்துவிட்டு வெளியே வந்தபோது எனக்குக் குமட்டியது. மறுபடி பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. மத்தியான இடைவேளைகளில் ஒரு வாரம் இழுத்து இழுத்துச் சொன்னேன். சம்பத் தயிர்சாதத்தைக் கையில் பிடித்தபடி, "அப்புறம் என்னடா ஆச்சு? அவளையும் தின்னுடுத்தா?" என்பான். குடல் வந்த இடத்தில், "சீ, சாப்பிடறச்சே என்ன பேச்சுடா!" என்று டப்பாவை மூடிவிட்டான். அவன் முகம் சுளித்தது எனக்குப் பிடித்திருந்தது. நிஜக் குடலைக் கண்டால் எப்படிச் சுளிப்பான் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கறி வாங்கப் போனபோது, கழுவாத குடலும் கொஞ்சம் கேட்டேன்.

"ஏன் தம்பி, இதை யாரு கழுவுறது, நீயா?" என்று சிரித்தார் கறிக்கடை பாய்.

"கழுவ வேணாம் பாய்."

தாமரை இலையில் பொதிந்து பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு, மத்தியானம் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் இரண்டாவது ஸ்டாப்பிலேயே எழுந்து போய் நின்றுகொண்டார்.

கொள்ளிடம் வெறும் மணலாகக் கிடந்தது. சம்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே அந்தப் படத்தை நடித்து விளையாடினோம்: நான் சிறுத்தை, அவன் கடைசியில் மிஞ்சிய ஆள். குழி தோண்டி அவனைப் படுக்கவைத்து, காட்டு இருட்டுக்காகத் துண்டால் கண்ணைக் கட்டினேன்.

"நன்னா உறுமுடா, அப்பத்தான் பயமா இருக்கும்" என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

உறுமினேன். படத்துப் பெண்ணைப் போல அவன் வாயைத் திறந்து கத்தினான். அப்போது இலையைப் பிரித்துக் கவிழ்த்தேன். பச்சைச் சாணமும் கோழை போன்ற நிணமும் அவன் மூக்கிலும் வாயிலும் இறங்கின. ஈக்கள் என் கையை விட்டு அவன் முகத்தில் மொய்த்தன. துண்டை இழுத்துப் பார்த்தவன் வாந்தி எடுத்தான். வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் எடுத்தான். பிறகு தேங்கிக் கிடந்த தண்ணீருக்கு ஓடி, ஈர மணலை அள்ளி அள்ளி நாக்கில் தேய்த்தான், ரத்தம் வரும்வரை. நான் நின்ற இடத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவன் அப்பா எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார். உள்ளே வராமல் தெருவிலேயே நின்று, "கொழந்தே, பயப்படாதே. அதை யார் கொண்டுவந்தா?" என்று மெதுவாகக் கேட்டார். என் அப்பா பெல்ட்டில் கைவைத்தபடி பக்கத்தில் நின்றார்.

"சம்பத்துதான் வாங்கிட்டு வரச் சொன்னான் மாமா."

அடியிலிருந்து தப்ப அதுவே போதும். அவர் நம்பாதது போலப் பார்த்ததால் மேலும் சொன்னேன்: "எப்படி ருசிக்கும்னு பாக்கணும்னான். அவனேதான் எடுத்து வாயில வச்சான்."

அவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "போறும், மேல சொல்லாதே" என்று திரும்பி நடந்தார். கொஞ்சமும் தடங்கலில்லாமல் வந்த அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சம்பத்தின் சந்தை நின்றது. ஆசைப்பட்டு மாமிசத்தை வாயில் வைத்தவன் கோஷ்டியில் நிற்கக்கூடாது என்று அவன் அப்பா சொல்லிவிட்டாராம். வீட்டில் அவனுக்குச் சாப்பாடு கொல்லைப்புறத்தில், தனித் தட்டில். "நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போறும்டா" என்று ஒரு நாள் வகுப்பில் என்னிடம் கெஞ்சினான். நான் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன். அரைப் பரீட்சை முடிந்ததும் அவனை மைசூரில் இருந்த அவன் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலைக்குப் போன பிறகு, அறுபதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கம் போய் அவன் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவனும் இதையேதான் சொன்னான். ஒரு அட்சரம் பிசகலே. நான்தான் பொய்யின்னுட்டேன்" என்றார். அவருக்குக் கண் மங்கியிருந்தது. அவர் சொல்லச் சொல்ல மகனுக்கு நானே கடிதம் எழுதினேன். அடியில் என் குற்றத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சம்பத் தை உற்சவத்துக்கு வந்தான். கோஷ்டியில் அப்பாவுக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தினார்கள். உத்திர வீதியில் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். எல்லார் வாயும் அசைந்தது. அவன் உதடுகள் மட்டும் மூடியே இருந்தன. பெரியவர் தாம் சொல்வதை விட்டுவிட்டு, மகன் பக்கம் காதைச் சாய்த்தபடி நடந்தார்.

மறுநாள் ரயில்வே ஸ்டேஷனில், "எல்லாம் மறந்துட்டியா சம்பத்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் மறக்கலே. அன்னிக்கு நான் அழுது சொன்னதை அப்பா நம்பலே. இன்னிக்கு அவருக்காகன்னா வாய் தொறக்க மாட்டேங்கறது, சூசை." ரயில் ஏறியபின் ஜன்னல் வழியாகச் சொன்னான்: "ஒம்மேல கோவம் இல்லே. ஆனா எனக்கு இனிமே எழுதாதே."

நான் எழுதவில்லை. அந்தப் படம் ஓடிய தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. கொள்ளிடத்து மணலை லாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. அவன் அப்பா அதன்பின் நாலு தை மாதம் இருந்தார். ஒவ்வொரு தையிலும் சம்பத் வந்தான், அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீதி முழுக்க நடந்தான். மகன் குரலில் ஒரு பாசுரம்கூடக் கேட்காமலே அவர் போய்ச் சேர்ந்தார்.