முதலில் கைகள்

மணல் கடத்தல் வழக்கில் நான் சாட்சி. மிரட்டல் வந்ததால் எனக்குக் காவலாக ஒரு பெண் போலீஸைக் கொடுத்தார்கள். ஒல்லியான உடம்பு, இறுக்கிய கொண்டை. யார் எதிரே வந்தாலும் முதலில் கைகளைப் பார்ப்பார், அப்புறம்தான் முகம்.

ஆயுத அறையில் அவர் முன்னால் இரண்டு ஒன்பது எம்.எம். பிஸ்டல்களை வைத்தார்கள். ஒன்று புதியது, மற்றது தேய்ந்துபோனது. தோட்டா இல்லை என்று திறந்து பார்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஒவ்வொன்றையும் சுவரில் இருந்த கறையை நோக்கி நீட்டினார். பிறகு கண்ணைத் திறந்தார். புதியதின் முனை கறையை விட்டு விலகியிருந்தது. பழையது நேராக நின்றது. அதையே இடுப்பில் மாட்டினார்.

வாசலில் நின்றபடி நான் கேட்டேன்: "பழசு ஜாம் ஆயிட்டா என் கதி என்னம்மா?"

"புதுசு நல்லாத்தான் கீது சார். ஆனா புடி தடிமனா கீது, விரல் ட்ரிக்கருக்கு எட்டல. இத்த நான் ரேஞ்சுல சுட்டுகினே இருக்கேன், ஒரு தபா கூட சிக்கல. உங்கள வெட்ட வர்றவன், நான் கைய நகத்திப் புடிக்கிற வரைக்கும் நிப்பானா?"

கோர்ட்டுக்குப் போகையில் திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு பைக் எங்கள் காரை ஒட்டியே வந்தது. பின்னால் இருந்தவன் சட்டைக்குள் கைவிட்டான். அதற்குள் பிஸ்டல் அவர் மடிக்கு வந்துவிட்டது. அவன் எடுத்தது செல்போன்.

சாட்சி சொல்லி முடித்ததும் காவலை எடுத்துவிட்டார்கள். பல மாதம் கழித்து மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன், வேறு யாருக்கோ காவலாக. சந்தோஷத்தில், பாக்கெட்டில் இருந்த கையை எடுக்காமலே கிட்டப் போனேன்.

"கைய வெளிய எடுங்க."

எடுத்தேன். வெறும் கை என்று தெரிந்த பிறகே என் முகத்தைப் பார்த்தார்.

"சார், நீங்களா?"