பாதத்துக்குத் தெரிந்த புல்லிங்

செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்த பிறகுதான் இளையபெருமாள் எந்த வண்டியையும் எடுப்பார். ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய இருபத்தாறு வருஷமும் அப்படித்தான். எஞ்சினின் இழுவை, அவர் பேச்சில் புல்லிங், உள்ளங்கால் வழியாக ஏறி முழங்காலைத் தொடும். கியரை எப்போது மாற்றுவது என்று அந்த அதிர்வே சொல்லிவிடும்.

லாரியை விட்டு லப்பைக்குடிகாட்டு சாகிரா வீட்டு வண்டிக்கு வந்து மூன்று வருஷமாகிறது. சாகிராவின் கணவர் துபாயில் இருக்கிறார். அவர்களுடையது சின்ன பெட்ரோல் எஸ்யூவி. நிமிஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுற்று வரை எஞ்சின் சோம்பிக் கிடக்கும். அதைத் தாண்டினால் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் புல்லிங் பிறக்கும்.

போன மாதம் டாக்டர் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "சர்க்கரை ஏறிக் கெடக்கு. பாதம் மரத்துப்போற மாதிரி இருந்தா ஸ்டியரிங்கத் தொடாதீங்க." அன்றிலிருந்து குளிக்கும்போது காலில் தண்ணீர் ஊற்றி நின்று பார்ப்பார். சில்லென்று இருப்பதாகத்தான் தோன்றும்.

இன்று சாகிரா பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, அரியலூரில் பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்து ஓட்டும் புது ஹைபிரிட்டை எடுத்தாள். ஷோரூம் வாசலிலிருந்து அது ஓசையில்லாமல் நழுவியது. சிமெண்ட் தூசி படிந்த புளியமரங்கள் தாமாகவே பின்னால் மிதந்து போயின. குளத்துக்கு அடியில் ஓட்டுவதுபோல் இருந்தது அவருக்கு. காலில் ஒன்றுமே இல்லை.

ரயில்வே மேம்பால ஏற்றத்தில், முன்னால் ஊர்ந்த லாரி நின்றது. இவரும் நிறுத்தினார். சத்தமில்லை, அதிர்வில்லை. வண்டி அணைந்துவிட்டது என்று நினைத்து ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினார். உண்மையில் அப்போதுதான் அணைந்தது. திரை இருண்டது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"என்னண்ணே, ஓடிக்கிட்டிருந்தத ஏன் அணைச்சீங்க?" பின் சீட்டிலிருந்து சாகிரா கேட்டாள்.

"ஓடிச்சா?"

"பேட்டரில ஓடுதுன்னு அந்த ஷோரூம் பொண்ணு அரை மணி நேரம் சொல்லுச்சே. நீங்க டீ குடிச்சிட்டு இருந்தீங்க."

வண்டிதான் ஊமையா, தன் கால் செத்துவிட்டதா என்று அவருக்குப் புரியவில்லை. மறுபடி கிளப்பி, லாரி நகர்ந்ததும் அழுத்தி மிதித்தார். மோட்டார் தயங்கவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையும் வந்தது. பாதி ஏற்றத்தில் எஞ்சினும் விழித்துக்கொண்டு கைகொடுத்தது. வலது பாதத்தில் எறும்புகள் ஊர்ந்தன.

பாலத்தின் உச்சியில், வெயிலில் மங்கிய ஊர் கீழே தெரிந்தபோது, அவர் இடது காலைத் தரையில் நன்றாக ஊன்றிப் பார்த்தார். அதே அதிர்வு அங்கேயும் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பாலம் இறங்கியதும் ஓரம் கட்டினார்.

"என்ன பஞ்சரா?"

"இல்லம்மா. எடது காலு தூங்கிப்போச்சு. சர்க்கரை." காலடியைக் காட்டினார். "இதுல கிளட்ச் இல்ல. எடது காலுக்கு வேலையே இல்ல. யாருக்கும் தெரியாம ஓட்டிறலாம்."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"வலதும் தூங்கிச்சுன்னா நீங்கதான பின்னாடி உக்காந்திருப்பீங்க."

சாகிரா இறங்கி முன்பக்கம் வந்து கதவைத் திறந்தாள். அவளிடம் லைசென்ஸ் இருந்தது. அவர் ஓட்டுவதால் மூன்று வருஷமாக ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

"நவுருங்கண்ணே. நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம். டாக்டர் ஓட்டலாம்னு எழுதிக் குடுத்தா சாவி உங்களுக்கு."

"இல்லன்னா?"

"பக்கத்துல உக்காந்து என்னையத் திட்டுங்க. அதுக்குக் காலு வேணாம்."