முள் வளையம்

மச்சினன் தன் நாயை டவுனில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடப்போவதாகச் சொன்ன வாரத்தில்தான் அந்த இரும்பு வளையம் எனக்குக் கிடைத்தது. அவனுக்கு அய்யனார் கோவில் போகும் வழியில், மலையடிவாரத்தில் மாந்தோப்பு. முன்பு வளர்த்த நாயைச் சிறுத்தை கழுத்தைக் கவ்வித் தூக்கிப்போய்விட்டது. இந்த வெள்ளை நாயை இருட்டுவதற்குள் மோட்டார் ரூமில் போட்டுப் பூட்டிவிடுவான். அது விடிய விடியக் கதவைப் பிராண்டும். காட்டுப்பன்றிகள் பயமில்லாமல் தோப்பைக் கிண்டும்.

"டவுன்ல கெடக்கட்டும் அத்தான். உசுரோடயாவது இருப்பான்" என்றான்.

ராஜபாளையத்தில் ரோட்டோரம் சாக்கு விரித்துப் பழைய சாமான் விற்கிறார்கள். சாவியில்லாத பூட்டுகள், பூட்டில்லாத சாவிகள், அவற்றுக்கு நடுவே அந்த வளையம். இரண்டு அரைவட்டங்கள், ஒரு பக்கம் கீல், மறுபக்கம் கொக்கி. வெளிப்புறம் முழுக்க முட்கள்.

"என்னண்ணே இது?"

"மில் சாமான். பஞ்சு சிக்கெடுக்குற மிஷின்ல வரும்."

"எந்த மிஷின்?"

"அதத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீக? மில்லா கட்டப் போறீக?"

ராஜபாளையத்தில் பல் உள்ள இரும்பெல்லாம் மில் சாமான்தான். வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"கோயில் சாமான்லா! யானைக் கால்ல மாட்டுறது."

"என் தொடைக்கே பத்தாதே?"

"குட்டியா இருந்திருக்கும்."

பஸ் டிக்கெட்டைக் கசக்கிப் போடுவதற்குள் மில் சாமான் கோயில் சாமானாகிவிட்டது. நான் மட்டும் ஒழுங்கா? பத்திரிகை ஆபீஸில் ஊறிய மூளை. கைதிக்குப் போட்ட விலங்கு என்று முடிவுகட்டி, மனதுக்குள் தலைப்பும் போட்டுவிட்டேன். கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தும் வைத்தேன்.

"துருவத் தேச்சுட்டு உள்ள வைங்க" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கும்போதுதான் தலைப்பு ஆட்டம் கண்டது. விலங்கென்றால் முள் உள்பக்கம் அல்லவா இருக்கும்? இது மாட்டியிருப்பவரைக் குத்தாது. தொட வருபவரைத்தான் குத்தும். உள்விளிம்பில் வரிசையாகச் சின்னத் துளைகள். ஒன்றில் தோல் துணுக்கு ஒட்டியிருந்தது. மாட்டியவருக்கு இரும்பு உறுத்தக் கூடாதென்று தோல் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கைதிக்கு யார் அப்படிப் பார்த்துச் செய்வார்கள்?

அந்த நேரம் வாசலில் மச்சினனின் லோடு ஆட்டோ வந்து நின்றது. நாயைப் புது வீட்டில் விடப்போகிறவன், அக்காவிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தான். நாய் நேராக என்னிடம் வந்து அந்தத் தோல் துணுக்கை மோந்தது. அதன் கழுத்தும் என் கையிலிருந்த வளையமும் பக்கத்தில் பக்கத்தில்.

"மாப்ளே, அவனச் செத்த நேரம் பிடி."

கீலைத் திறந்து கழுத்தில் வைத்து மூடினேன். கொக்கி விழுந்தது. உள்ளே ஒரு விரல் போகும் இடம் மிச்சம். நாய் தலையை ஒருமுறை உதறிவிட்டு என் மனைவியின் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தது.

மச்சினன் முள்ளைத் தொட்டுப் பார்த்தான். "அப்போ சிறுத்த கவ்வுனா..."

"அதுக்கு வாய் கிழியும்."

"அத்தான், இது ஒங்க அலமாரிக்குன்னு அக்கா சொன்னா."

"அலமாரிக்குக் கழுத்து இல்லடா."

ஆட்டோ புது வீட்டுப் பக்கம் போகவில்லை. வந்த வழியே திரும்பியது. போகிற வழியில் வளையத்துக்குப் புதுத் தோல் வைத்துத் தைத்துக்கொண்டானாம். பக்கத்து வீட்டுக்காரர் யானைச் சாமானை விசாரித்தார். யானை வந்து வாங்கிப் போய்விட்டது என்றேன்.

மார்கழியில் ஒரு காலை போன் வந்தது.

"அத்தான், ரெண்டு முள்ளு வளஞ்சிருக்கு. தோப்புல கால்தடம் கெடக்கு. இவன் கஞ்சி குடிக்கான்."

வளைந்த முள்ளைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வந்தது. படம் முழுக்க நாயின் முகம், மூக்கு நுனியில் கஞ்சி. முள் ஒன்றுகூடத் தெரியவில்லை.